பந்தை மரியாதையாகக் கொடுத்த வரலாறு

வெள்ளாற்றுக் கல்லூரியின் பெண்கள் டென்னிஸ் அணி, தொடங்கிய நாளிலிருந்து எட்டு வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இதைத் தோல்வி என்று வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். எங்கள் கல்லூரியில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. ஆட்டம் முடிந்து திரும்புகிறவர்களிடம் "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "எதுத்தாப்புல வந்த புள்ளைகளுக்கு வளர்ப்புப் பத்தாது" என்று பதில் வரும். கேட்டவரும் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

இந்த நிலைமைக்குக் காரணம் நாற்பத்தெட்டாம் வருஷத்து அரசியல். அந்த வருஷம் புதுக்கோட்டை சமஸ்தானம் யூனியனோடு சேர்ந்தது. சேர்ந்ததில் பலருக்குப் பல லாபம். எங்கள் கல்லூரிக்குக் கிடைத்தது ஒரு டென்னிஸ் கோர்ட்டு. சமஸ்தானத்து அதிகாரிகள் மாலை நேரத்தில் பந்தாடிய கிளப் ஒன்று ஆளில்லாமல் போக, அதன் இடம், வலை, சில மட்டைகள், உட்கார்ந்தால் இடப்பக்கம் சாய்கிற நான்கு பிரம்பு நாற்காலிகள், மார்க்கர் அய்யாக்கண்ணு ஆகிய எல்லாம் அப்போதுதான் திறந்திருந்த கல்லூரியின் பொறுப்பில் வந்தன.

மார்க்கர் என்பவர் அதிகாரிகளுக்குத் துணையாக எதிரே நின்று பந்தாடுகிறவர். அவர் ஜெயிப்பதற்காக வைக்கப்பட்ட ஆள் அல்ல. தாசில்தார் நின்ற இடத்திலிருந்து நகராமல் கையை நீட்டினால் போதும், பந்து வந்து மட்டையில் உட்கார வேண்டும். அதற்குத்தான் சம்பளம். முழங்கால் வலி உள்ள என்ஜினீயருக்கு மார்பு உயரத்தில், தொப்பை உள்ள ஜட்ஜுக்குத் தொப்பையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி அய்யாக்கண்ணு பந்து கொடுப்பார். அவர் சர்வீஸில் ஒரு அதிகாரிகூட ஓடியதில்லை. ஒருவர் ஓடப் பார்த்தபோதும் அய்யாக்கண்ணு விடவில்லை என்பார்கள்.

ஆண் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் இருந்ததால் கோர்ட்டு பெண்களுக்கு என்று ஆயிற்று. முதல் வருஷம் சேர்ந்த பெண்களுக்கு அய்யாக்கண்ணு தனக்குத் தெரிந்த டென்னிஸைக் கற்றுக்கொடுத்தார். பிறகு கறம்பக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் அவர் டென்னிஸ் போகவில்லை. மூத்த மாணவி இளைய மாணவிக்குச் சொல்ல, அவள் அடுத்தவளுக்குச் சொல்ல, அதுவே கல்லூரியின் பாரம்பரியமாகக் கெட்டிப்பட்டுவிட்டது.

அந்தக் கோர்ட்டில் யாரும் பந்தை அடிப்பதில்லை, கொடுப்பார்கள். எதிரே இருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி கொடுக்க வேண்டும். எதிரே இருவர் இருந்தால் யார் பெரியவரோ அவருக்கு. தாசில்தாரும் அவர் குமாஸ்தாவும் ஜோடியாக நிற்கும்போது குமாஸ்தாவுக்குப் பந்து கொடுத்தவன் வேலையில் நிலைத்ததில்லை அல்லவா, அதிலிருந்து வந்த வழக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கி சர்வ் போடக் கூடாது. வீட்டுக்கு வந்தவர் மேல் கை ஓங்கின மாதிரி ஆகும். தாம்பூலத் தட்டை நீட்டுவதுபோல் கீழிருந்துதான் போட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு எதிராளி பந்தைத் தவறவிட்டால், பந்தைக் கொடுத்தவள் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்ல வேண்டும். குற்றம் கொடுத்தவளுடையது.

பயிற்சி நேரத்தில் பார்த்தால் கண் குளிரும். நாலு மணிக்கு ஒரு பந்தைத் தொடங்கினால் ஹாஸ்டல் மணி அடிக்கிறவரை அது தரையில் தங்காது. ஆரம்பத்தில் நாங்கள் ஆண் பிள்ளைகள் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். கொஞ்ச நாளில் அங்கேயே படுத்துத் தூங்கப் பழகினோம். வகுப்பறையைவிடக் காற்று நன்றாக வரும்.

கோர்ட்டை அந்தப் பெண்களே சாணி கரைத்து மெழுகினார்கள். கோடு போட ஆபீஸில் சுண்ணாம்பு கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஹாஸ்டல் சமையற்கட்டிலிருந்து அரிசி மாவு எடுத்துவந்து கோலம் இழுப்பதுபோல் இழுத்தார்கள். எறும்புகள் இதை வரவேற்றன. ஓரக்கோட்டை அவை தூக்கிக்கொண்டு போவதும், இருப்பதை வைத்து மறுநாள் இவர்கள் கோடு போடுவதுமாக, அந்தக் கோர்ட்டு வருஷத்துக்கு ஒரு அடி கிழக்கே நகர்ந்து கொண்டிருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் அணிக்குக் கேப்டன் மரிய செல்வி. ஆவூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பங்கிராஸ் மகள். வேகமாக நடக்கிறவள், வேகமாகப் பேசுகிறவள். எங்கள் கல்லூரியில் பெண்கள் வராந்தாவில் ஓடக் கூடாது, படிக்கட்டில் இரண்டு படியாகத் தாவக் கூடாது, மழை வந்தால்கூட நிதானமாக நனைந்துதான் வர வேண்டும். சுற்றறிக்கை இருந்தது. ஆனால் சுற்றறிக்கை எழுதியவர் டென்னிஸ் கோர்ட்டைச் சேர்க்க மறந்துவிட்டார். ஆக, பெண்கள் ஓடுவதற்கு அனுமதி உள்ள ஒரே இடம் அது. பந்துக்காக ஓட வேண்டிய அவசியம் இல்லாததால் பெண்கள் முதலில் கோர்ட்டைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடிவிட்டு, அப்புறம் அமைதியாக நின்று பந்து கொடுப்பார்கள். மரிய செல்வி ஆறு ரவுண்டு ஓடுவாள்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்களால்தான் வந்தது. மாணவர்களிடம் சைக்கிள் பெருகிவிட்டது. வெயிலில் நிறுத்திய சைக்கிள் சீட்டில் மாலையில் உட்கார்ந்தால் ஏற்படும் அனுபவத்தை விளக்கி முதல்வருக்கு மனுக் கொடுத்தோம். முதல்வர் ஜெபமாலை சார் நல்ல மனிதர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெள்ளைத் தலை, வெள்ளைக் கோட்டு. எதையும் தானே அளந்து பார்த்தால்தான் நம்புவார். அவர் கல்லூரி நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஏற்ற சமதளம் டென்னிஸ் கோர்ட்டு ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார்.

மரிய செல்வியையும் அணிக்குப் பொறுப்பான வியாகுலமேரி டீச்சரையும் கூப்பிட்டனுப்பினார். வியாகுலமேரி டீச்சர் தாவரவியல். செடி கொடிகள் வெளியே இருப்பதால் வெளி விளையாட்டும் அவர் பொறுப்பு.

"எட்டு வருஷமா ஒரு மேட்சு ஜெயிக்கலியேம்மா" என்றார் முதல்வர்.

"புள்ளைங்க நல்லாத்தான் ஆடுறாங்க சார். எதுக்க வாரவங்கதான்..." என்று டீச்சர் இழுத்தார்.

"எதுக்க வாரவங்க எட்டு வருஷமுமா சரியில்ல?"

டீச்சர் யோசித்துப் பார்த்து, "ஆமாங்க சார்" என்றார்.

"திருச்சிக்காரங்க அடுத்த மாசம் இங்க வாராங்க இல்ல? அதுல ஜெயிங்க, கோர்ட்டு ஒங்களுக்கு. இல்லாட்டி மறுநாளே ஷெட்டு வேலை ஆரம்பிச்சுரும். கான்டிராக்டர் நாகராசு கிட்டப் பேசிட்டேன்."

"அப்ப நாங்க எங்க சார் ஓடுறது?" என்றாள் மரிய செல்வி.

"ஏன் ஓடணும்?" என்றார் முதல்வர். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வெளியே வந்ததும் மரிய செல்வி டீச்சரை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப்போய், ஒரு வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த விஷயத்தைச் சொன்னாள். போன வருஷம் திருச்சியில் தோற்ற பிறகு பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவள் வேறு இரண்டு கல்லூரிகள் ஆடியதைப் பார்த்திருக்கிறாள்.

"டீச்சர், அங்கிட்டு ஒரு புள்ள பந்தை ஆள் இல்லாத எடமாப் பாத்து அடிக்குது. எதுக்க நிக்கிற புள்ளையால எடுக்க முடியல. எல்லாரும் கை தட்டுறாங்க."

"ஐயோ பாவம். யாரும் கண்டிக்கலியா?"

"டீச்சர், அதான் டீச்சர் ஆட்டமே! எதுத்தவங்க எடுக்க முடியாம அடிக்கணும். அடிச்சா நமக்குப் பாயிண்டு."

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆள் இல்லாத எடத்துல கொடுக்குறதா? எலையப் போட்டு உக்கார வச்சுட்டு, பக்கத்துல தரையில சோத்தைக் கொட்டுற மாதிரியில்ல இருக்கு!"

"இருக்கட்டும் டீச்சர். ஒரு தடவை கொட்டுவோம்."

மறுநாளே பயிற்சி ஆரம்பமானது. திருச்சி ஆட்டம் ஒரே ஒரு ஜோடி ஆட்டம். மூன்று செட்டில் இரண்டு எடுத்தவர் ஜெயித்தவர். மரிய செல்விக்கு ஜோடி கீரமங்கலத்துச் சொர்ணவல்லி. வள்ளிக்கிழங்கு மாதிரி சாதுவான பெண். பாரம்பரியத்தில் ஊறியவள். மட்டையைத் தொடுவதற்கு முன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"அந்த மூலைக்கு அடி" என்றாள் மரிய செல்வி.

"அங்க யாரும் இல்லியே."

"அதுனாலதான்டி."

சொர்ணவல்லி கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினாள். பந்து வளைந்து நெளிந்து, எதிரே நின்ற முதலாம் வருஷப் பெண்ணின் கைக்கே போய்ச் சேர்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி கைக்கு. அந்தப் பெண் நகர்ந்து நின்றாள். பந்தும் நகர்ந்து போனது. மரிய செல்வியாலும் முடியவில்லை. அவள் அடித்த பந்து ஆள் இல்லாத இடத்துக்குத்தான் போனது. ஆனால் அந்த இடம் ஹாஸ்டல் கிணறு. ஒரு வாரத்தில் கிணற்றில் தண்ணீரைவிடப் பந்து அதிகமாகிவிட்டது.

"என் கை கேக்க மாட்டேங்குது செல்வி" என்று சொர்ணவல்லி அழுதாள். "ஆளப் பாத்தாத்தான் பந்து போகுது."

அந்தச் சமயத்தில் சொர்ணவல்லியின் பெரியப்பா ஐயனார் கீரமங்கலத்திலிருந்து தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆறடி உயரம், நரைத்த கிருதா மீசை. பழத்தை இறக்கி வைக்க இடம் தேடி, எதிர்ப்பக்கத்து மூலையில், கோட்டுக்கு வெளியே போய் நின்றார். "என்னத்தா, வெளையாடுறியா? வெளையாடு, வெளையாடு" என்றார்.

சொர்ணவல்லி தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மட்டையில் பட்ட பந்து முதலாம் வருஷப் பெண்ணை மதிக்கவே இல்லை. நேராக மூலைக்குப் போய், உள்கோட்டில் மாவு பறக்க விழுந்து, எழும்பிப் பெரியப்பாவின் காலடியில் அடங்கியது.

மரிய செல்வி பந்தைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் இந்த மூலைக்கு வாங்களேன்."

"எதுக்குத்தா?"

"சும்மாதான் பெரியப்பா, வாங்க."

வந்தார். பந்தும் வந்தது. அந்த மூலைக்குப் போனார். அங்கேயும் போனது. மரிய செல்வி தானே மட்டையை வாங்கிப் பந்து கொடுத்துப் பார்த்தாள். கிணற்றை மறந்து பந்து பெரியப்பாவிடம் போனது. பெரியவர் இருக்கும்போது சின்னவர் கைக்குக் கொடுக்கக் கூடாது என்ற எட்டு வருஷப் பயிற்சி அது. எதிர்ப்பக்கத்துப் பெரியவர் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று அய்யாக்கண்ணு சொல்லவில்லை.

ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மத்தியானம் திருச்சிக்காரர்கள் வந்தார்கள். கட்டுமாவடி நண்டு வரவழைத்து விருந்து போட்டோம்; அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, வழக்கம். திருச்சிக் கேப்டன் செங்கமலம் நண்டை உடைத்த விதத்தைப் பார்த்தே எனக்குக் கவலையாக இருந்தது. நடுவராக அவர்களோடு வந்தவர் அருளம்மாள் என்ற ரிட்டயரான டீச்சர். தலை முழுக்கப் பஞ்சு. வலைக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கோட்டருகே நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்வதற்கு ஆண் பிள்ளைகளில் என்னை நிறுத்தினார்கள். எனக்குப் போட்டியாக எறும்புகள் இருந்தன.

மரிய செல்வி சொல்லியனுப்பியதால் இன்னொரு பலாப்பழத்தோடு வந்திருந்த பெரியப்பா ஐயனார், மூலையில் பிரம்பு நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் செட்டில் திருச்சிக்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. எட்டு வருஷமாகக் கைக்கு வந்து விழுந்த பந்து, அன்று மூலை மூலையாக ஓடி விழுந்தது. விழுந்ததும் எங்கள் பெண்கள் இருவரும் கைகூப்பி "மன்னிச்சுக்கங்க" என்றார்கள். நாலாவது மன்னிப்பில் செங்கமலத்துக்கு ரத்தம் கொதித்தது.

"பாயிண்டும் எடுத்துக்கிட்டு மன்னிப்பும் கேக்குறீங்களா? கிண்டலா?"

"இல்லிங்க" என்றாள் சொர்ணவல்லி கலங்கிப்போய். "நெசமாவே மன்னிச்சுக்கங்க."

ஒரே தொல்லை, அடிக்கடி இரண்டு அணியும் பக்கம் மாற வேண்டும் என்பது. பக்கம் மாறும்போதெல்லாம் பெரியப்பாவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி எதிர் மூலைக்குப் போக வேண்டியிருந்தது.

"ஏத்தா, ஒரு எடத்துல உக்கார விட மாட்டீங்களா?"

"இங்கிட்டு நெழலு பெரியப்பா" என்றாள் மரிய செல்வி. கண்ணுக்கெட்டிய தூரம் அங்கே நிழல் கிடையாது.

முதல் செட்டு எங்களுக்கு. வியாகுலமேரி டீச்சர் சந்தோஷம் தாங்காமல் எதிரணிக்கு மோர் கொடுத்தார். இரண்டாவது செட்டு தொடங்கப் போகும்போது பெரியப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

"நான் வாரேன் ஆத்தா."

"பெரியப்பா! எங்க போறீங்க?"

"கீரமங்கலம் பஸ்ஸு வந்துரும்ல. மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

"இன்னும் ஒரு செட்டு பெரியப்பா!"

"எத்தனை தடவைதான் ஒரே வெளையாட்டைப் பாக்குறது? நல்லா வெளையாடுறீங்க. பலாப்பழத்தை வெட்டிச் சாப்புடுங்க."

போய்விட்டார். மரிய செல்வி உடனே வியாகுலமேரி டீச்சரை மூலையில் நிறுத்தினாள். டீச்சரும் கொடியைப் பிடித்த கம்பு மாதிரி விறைப்பாக நின்றார். ஆனால் ஒரு கணக்குத் தப்பிவிட்டது. பெரியப்பா போன பிறகு அந்த மைதானத்தில் வயதில் மூத்தவர் டீச்சர் இல்லை. பெஞ்சு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அருளம்மாள். சொர்ணவல்லி கொடுத்த பந்து ஒவ்வொன்றும் வலைக்குப் போனது. வலையைத் தாண்டிய ஒன்று நடுவர் மடியில் விழுந்தது.

"எனக்கு எதுக்கும்மா?" என்றார் அருளம்மாள்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர்."

இரண்டாவது செட்டில் எங்களுக்கு ஒரு கேம்கூட இல்லை. மரிய செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள், வயதானவர் யாராவது அகப்படுவாரா என்று. வேலி ஓரம் முழுக்க நாங்கள்தான் இருந்தோம். எங்களில் ஒருவனுக்கும் மரியாதைக்குரிய தோற்றம் இல்லை.

அப்போதுதான் முதல்வர் ஜெபமாலை சார் வந்தார். கூடவே தோளில் அளவு டேப்போடு கான்டிராக்டர் நாகராசு. ஆட்டம் முடிந்த பிறகு அளக்கலாம் என்றுதான் முதல்வர் சொல்லியிருக்கிறார். நாகராசுவுக்குச் சாயங்காலம் வேறு ஊரில் வேலை, அதற்குள் அளந்தாக வேண்டும். ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கோட்டுக்கு வெளியே அளந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஷெட்டுக்குக் கால் நட வேண்டிய இடங்கள் நாலு மூலையும்தான். டேப்பின் தலைப்பை முதல்வர் வேறு யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டார். தானே பிடித்துக்கொண்டு, திருச்சிக்காரர்களுக்குப் பின்னால் இருந்த மூலையில் போய் நின்றார்.

அருளம்மாளைவிட மூத்தவர். அதற்கு மேல் முதல்வர்.

மூன்றாவது செட்டின் முதல் பந்து அவர் காலடிக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் "சேசுவே" என்றார்.

முதல்வர் பந்தைக் கவனிக்கவில்லை. "இந்தக் கல்லுலேருந்து பிடி நாகராசு" என்றார். அடுத்த பந்தும் அதே இடத்தில். அவர் அடுத்த மூலைக்கு நடந்தார். நடக்கும்போது கொடுத்த பந்து கோர்ட்டுக்கு வெளியே, அவர் கோட்டுப் பையருகே போனது. அது அவர்களுக்குப் பாயிண்டு. மூலையில் அவர் நின்றதும் மறுபடி எங்களுக்கு. இப்படியே கேமுக்குக் கேம் ஏறியது. அணிகள் பக்கம் மாறியபோது, ஒரு பக்கம் அளந்து முடித்த நாகராசு "அந்தப் பக்கம் போவமுங்களா?" என்றார். நில அளவையின் முறையும் டென்னிஸின் முறையும் அந்த ஒரு நாள் ஒத்துப்போயின.

செங்கமலம் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "டீச்சர், கோர்ட்டுக்குப் பின்னாடி ஆள் நிக்கிறாரு!"

"அவரு காலேஜு, அவரு நிக்கிறாரு" என்றார் அருளம்மாள். "ஒன் மேல படுறாரா?"

எதிரே நின்றவர் முதல்வர் என்பதால் எங்கள் பெண்கள் அன்று ஆடிய நேர்த்தியை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பந்தும் தட்டில் வைத்து நீட்டியது போலிருந்தது. திருச்சிக்காரர்களும் சும்மா இல்லை; முதல்வர் மூலை விட்டு மூலை போகும் இடைவெளியில் எல்லாம் அடித்துப் பிடித்தார்கள். ஐந்து நாலு என்று வந்தது. கடைசி கேமும் இழுத்தது. ஜெயிக்க எங்களுக்கு இன்னும் ஒரே பாயிண்டு வேண்டும்.

அந்த நேரம் நாகராசு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"முடிஞ்சுதுங்க. நாலு மூலையும் ஆச்சு. காலையில கல்லு இறக்கிருவேன்."

முதல்வர் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வாசல் இருப்பது வலைக்கு நேராக. சொர்ணவல்லியின் தலை அவரோடு சேர்ந்து மெல்லத் திரும்புவதை மரிய செல்வி பார்த்தாள். இன்னும் பத்து எட்டு வைத்தால் அவர் வலையருகே வந்துவிடுவார். பந்தும் வலைக்குத்தான். எதிரே செங்கமலம் சர்வ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சார்!" என்று கத்தினாள் மரிய செல்வி. பெண்கள் கத்தக் கூடாது என்று தனிச் சுற்றறிக்கை இருந்தது. "சார், அந்த மூலையில இன்னொரு தடவை அளந்துருங்க சார்!"

முதல்வர் நின்றார். "ஏம்மா?"

"அங்க கல்லு கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு சார். அளவு தப்பிருச்சுன்னா ஷெட்டு கோணலா வந்துரும் சார். சைக்கிளெல்லாம் சரிஞ்சுரும்."

தன் கோர்ட்டை இடித்துக் கட்டப்போகும் ஷெட்டு நேராக வர வேண்டும் என்று இவ்வளவு அக்கறையாக ஒரு பெண் கேட்டதில் முதல்வர் நெகிழ்ந்துவிட்டார். நாகராசுவுக்குத்தான் கோபம் வந்தது.

"என் அளவு தப்புமா? எத்தனை வீடு கட்டியிருக்கேன்! வாங்கய்யா, புள்ளைக்கு முன்னாடியே அளந்து காட்டுறேன்!" என்று டேப்பை உதறிக்கொண்டு மூலைக்கு ஓடினார்.

"இருப்பா, தலைப்பை நான் பிடிக்கிறேன்" என்று முதல்வரும் பின்னால் போய்க் குனிந்தார்.

செங்கமலம் சர்வ் போட்டாள். பலமான சர்வ். சொர்ணவல்லி பந்தைப் பார்த்தாளா என்று எனக்குச் சந்தேகம். அவள் பார்த்தது மூலையில் குனிந்திருந்த வெள்ளைத் தலையைத்தான். மட்டையை இரண்டு கையாலும் பிடித்து, பெரியவர்களிடம் எதையும் ஒற்றைக் கையால் நீட்டக் கூடாது என்பதால், பணிவாக முன்னால் கொண்டுவந்தாள். பந்து செங்கமலத்தைத் தாண்டி, அவள் ஜோடியைத் தாண்டி, மூலையில், கோட்டில் இறங்கியது. மாவு பறந்தது. இரண்டு எறும்புகளும் பறந்தன.

"உள்ள!" என்றேன். என் சைக்கிள் சீட்டு ஒரு கணம் மனக்கண்ணில் வந்து போனது.

"சரியாத்தாம்பா இருக்கு அளவு" என்றார் முதல்வர் நிமிர்ந்து. அதற்குள் கோர்ட்டில் எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரிய செல்வி சாணித் தரையில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். சொர்ணவல்லி மட்டும் வலையருகே போய்ச் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முழு ஆட்டத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். செங்கமலம் களைத்துப்போய் மன்னித்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டீங்களா?" என்று முதல்வர் கேட்டார். அவருக்கு நம்ப முடியவில்லை. அருளம்மாளிடம் போய் எண்ணிக்கையை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொன்ன சொல்லு சொன்னதுதான். கோர்ட்டு ஒங்களுது" என்றார்.

"அப்ப நான் ரெண்டு தடவை அளந்தது?" என்றார் நாகராசு.

"கோர்ட்டு கோணலா இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல? போய்யா."

நாங்கள் வேலி ஓரத்திலிருந்து எழுந்து வெந்துகொண்டிருந்த சைக்கிள்களை எடுக்கப் போனோம். மரிய செல்வி ஓடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு முதல்வர் முன்னால் வந்து நின்றாள். டீச்சரும் சொர்ணவல்லியும் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

"சார், ஜெயிச்சதுனால அடுத்த ஆட்டத்துக்கு மதுரைக்குப் போகணும் சார்."

"போயிட்டு வாங்கம்மா. டீச்சர் கூட வருவாங்க."

"நீங்களும் வரணும் சார்."

"நான் எதுக்கு?"

மரிய செல்வி ஒரு காரணம் சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்களிடம் பொய் சொல்லத் தெரியாத சொர்ணவல்லிதான் முன்னால் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, பெரியப்பாவிலிருந்து டேப்புவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதல்வர் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை மூலையில் நிற்கச் சொன்னவர் அவர். யாரும் அவரை நிற்கச் சொன்னதில்லை.

"மதுரையில வெயில் ஜாஸ்தியா இருக்குமே" என்றார். "குடை பிடிச்சுக்கலாமா?"

"பிடிச்சுக்கங்க சார்" என்றாள் சொர்ணவல்லி. "தூரத்துலேருந்து நல்லாத் தெரியும்."